இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால் காலையில் தேதி 2018-க்குப் போய்விடுகிறது, விண்டோஸும் வருவதில்லை: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே சில மளிகைக் கடைகளுக்கும் ஓர் அரிசி ஆலைக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2019-இல், அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த என் மகளும் நானும் உதிரிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கணினியை நாங்களே பூட்டினோம். பி450 சிப்செட் உள்ள மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி புராசசர், 8 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவை புதியவை. கோப்புகளைச் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் பழைய கணினியிலிருந்து கழற்றியது. அதில் இருந்த விண்டோஸ் 10-ஐ அழிக்காமல் அப்படியே இதில் மாட்டினோம். முதல் நாள் விண்டோஸ் வரவில்லை. தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து பயாஸில் (கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் நிரல்) ஏதோ ஒன்றை மாற்றியதும் வந்துவிட்டது. என்ன மாற்றினார் என்பதை நான் குறித்து வைக்கவில்லை. அதன் பிறகு பல வருடங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தச் சித்திரையில்தான் சிக்கல் ஆரம்பித்தது. காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில், தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, எஃப்1-ஐ அழுத்தவும் என்று வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் தேதி 2018 ஜனவரி 1 என்று நிற்கிறது. தேதியைத் திருத்திச் சேமித்து வெளியே வந்தால், பூட் ஆகக்கூடிய, அதாவது விண்டோஸைத் தொடங்கக்கூடிய, டிஸ்க்கைச் செருகவும் என்று அடுத்த செய்தி. இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு: பயாஸில் டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா இணைப்புகளைக் காட்டும் பக்கத்தில் எஸ்எஸ்டி-யின் பெயர் சரியாகத் தெரிகிறது, ஆனால் பூட் வரிசையில் மட்டும் அது இல்லை.

கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் மதுரைக்கு மூன்று முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் கடையில் ஏதோ செய்து விண்டோஸை வரவழைக்கிறார்கள். அங்கே நாள் முழுவதும் ஓடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்று மாலையும் ஓடுகிறது, மறுநாள் காலையில் பழைய கதைதான். ஒரு முறை தேதியைத் திருத்தாமல் விட்டுவிட்டதை நான் கவனிக்கவில்லை. அரிசி ஆலையின் பதினேழு பில்கள் 2018 ஜனவரியில் பதிவாகிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு ராத்திரி ஆனது. தேதி தவறாக இருக்கும்போது ஜிஎஸ்டி தளத்தையும் திறக்க முடிவதில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் தடுத்துவிடுகிறது.

மூன்றாம் முறை போனபோது, பயாஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பயாஸை அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியாக இருக்குமோ என்று கேட்காதீர்கள். மூன்று வாரங்களுக்கு முன்புதான் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடிகாரக் கடையில் புது செல் வாங்கி நானே மாற்றினேன்.

இப்போது பொறியியல் படிக்கும் மகள், இதே போர்டில் ரைசன் 5 5600ஜி புராசசரைப் போடலாம், அதற்கும் பயாஸ் அப்டேட் தேவை என்கிறாள். அப்படியானால் இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாமா? அல்லது போர்டே போய்விட்டதா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


பதில்: சிம்மக்கல்லிலிருந்து

ஐயா, வணக்கம். இருபது வருடங்களாக மதர்போர்டு பழுது பார்க்கிறேன். போர்டை மாற்ற வேண்டாம், அப்டேட்டையும் இப்போது தொட வேண்டாம். பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கடையில் ஓடுகிறது, வீட்டில் மாலை வரை ஓடுகிறது, இரவு கழிந்தால் நின்றுபோகிறது. தூங்கப் போகும்போது சுவரிலுள்ள சுவிட்சையோ யுபிஎஸ்ஸையோ அணைத்துவிடுகிறீர்களா? நம் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் வழக்கம், இடி மின்னல் காலத்தில் அது நல்ல வழக்கமும்கூட.

கணினியை ஷட் டவுன் செய்த பிறகும், சுவரில் மின்சாரம் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் அந்த மின்சாரத்திலேயே உயிரோடு இருப்பதால், அந்த நேரத்தில் செல்லுக்கு வேலையே இல்லை. மெயினை அணைத்த மறுகணம் முழுப் பொறுப்பும் அந்த 3 வோல்ட் செல்லின் தலையில் விழுகிறது. கடைகளில் ராத்திரியும் சுவிட்ச் பலகையில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தால் இந்தக் குறை அங்கே தலைகாட்டாது. உங்கள் போர்டின் பயாஸ் சிப் உண்மையிலேயே கெட்டிருந்தால் திரையில் எழுத்தே வந்திருக்காது. எஃப்1-ஐ அழுத்துங்கள் என்று உங்களோடு பேசிக்கொண்டிருப்பதே அந்தச் சிப்பில் உள்ள நிரல்தான். தேதியும், அமைப்புகள் அழியாமல் நிற்பதும் செல்லை நம்பியிருக்கும் சிமாஸ் நினைவகத்தைப் பொறுத்தவை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நல்ல போர்டுகளைக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

புது செல் மாற்றிவிட்டேன், ஆகவே அது இல்லை என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் அதை இன்னொரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். பிளக்கை முழுவதும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் தகட்டை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செல்லின் மேல் என்ன எண் அச்சிட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் படியுங்கள். பிறகு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து இரண்டு தடவை அளக்க வேண்டும். முதலில் செல்லைக் கையில் வைத்து அளந்து பாருங்கள். அடுத்ததாக அதைக் கூட்டில் மாட்டிய நிலையில், சிவப்பு முனையைச் செல்லின் மேல்பக்கத்தை அழுத்தும் கிளிப் தகட்டிலும் கறுப்பு முனையைக் கேபினெட்டின் வண்ணம் பூசாத திருகிலும் வைத்து அளவெடுங்கள். கையில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்; 2.7-க்குக் கீழே போனால் அந்தச் செல்லை நம்ப முடியாது. கூட்டில் காட்டும் அளவு கையில் காட்டியதைவிட வெகுவாகக் குறைந்தால் கோளாறு செல்லில் இல்லை, கூட்டில் இருக்கிறது.

பூட் வரிசையில் எஸ்எஸ்டி இல்லாததற்கு, அமைப்புகள் அழிந்தபோது சாட்டா பயன்முறை (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) வழக்கமான ஏஎச்சிஐ-யிலிருந்து, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டுக்கு மாறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அதையும் பாருங்கள்.


பதில்: மேலூரிலிருந்து

நான் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். சிம்மக்கல் ஐயா செல்லைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. இந்த வகைப் போர்டுகள் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும்போது பொதுவாக ஏஎச்சிஐ-க்குத்தான் திரும்புகின்றன, ரெய்டுக்குப் போவதில்லை. எஸ்எஸ்டி-யின் பெயர் சாட்டா பக்கத்தில் தெரிந்தும் பூட் வரிசையில் காணவில்லை என்பதே வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

பழைய கணினியிலிருந்து விண்டோஸோடு கழற்றிய எஸ்எஸ்டி என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கணினிகள் பலவற்றில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட டிஸ்கிலிருந்து விண்டோஸைத் தொடங்கப் பழைய பாணி பயாஸ்தான் வேண்டும். உங்கள் போர்டில் இருப்பதோ அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ. நாம் பழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே அழைக்கிறோம். பழைய பாணியைப் போல நடந்துகொள்ள அதற்குள் சிஎஸ்எம் என்றொரு வசதி உண்டு. அது அணைந்திருந்தால், ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்து அதற்குரிய பூட் கோப்புகள் உள்ள டிஸ்க் மட்டுமே பூட் வரிசையில் இடம்பெறும். எம்பிஆர் டிஸ்க் செருகப்பட்டிருப்பது போர்டுக்குத் தெரிந்தாலும், அதிலிருந்து தொடங்க வழியில்லாததால் வரிசையில் காட்டாது. முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் மாற்றிக் கொடுத்தது சிஎஸ்எம் ஆகத்தான் இருக்கும். ஒவ்வோர் இரவும் அது அழிகிறது, ஒவ்வொரு முறையும் கடையில் அதைத்தான் திரும்பப் போட்டுவிடுகிறார்கள்.

சரிபார்ப்பது எளிது. பூட் பகுதியில் சிஎஸ்எம் என்ற வரியைத் தேடி இயக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் வந்ததும் தொடக்கப் பட்டியலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். லெகஸி (பழைய பாணி) என்றிருந்தால் நான் சொல்வது உறுதி. ஜிஎஸ்டி தளம் திறக்காததும் இதே நோயின் அறிகுறிதான்: கணினியின் தேதி 2018 என்றிருக்கும்போது, அதற்கெல்லாம் பிறகு வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. இணைய இணைப்பிலோ அந்தத் தளத்திலோ குறை இல்லை.


கேள்வி கேட்டவர்: திருமங்கலத்திலிருந்து

இருவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், தினமும் இரவு பத்து மணிக்கு யுபிஎஸ்ஸையும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்போம்.

செல்லை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். சிஆர்2025 என்று இருந்தது. பழைய செல்லைத் தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதில் சிஆர்2032 என்று இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் வட்டத்தின் அளவு ஒன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் விளிம்பில் விரலை ஓட்டினால் புதியது மெலிந்திருப்பது தெரிகிறது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியின் மல்டிமீட்டரில் புது செல் கையில் 3.1 வோல்ட் காட்டியது. கூட்டில் மாட்டி, நீங்கள் சொன்னபடி கிளிப்பிலும் திருகிலும் வைத்து அளந்தால் அரை வோல்ட்கூட இல்லை. செல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினேன், உடனே 3.1-க்கு ஏறியது. விரலை எடுத்தேன், எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனது. பழைய 2032 செல் கையிலேயே 2.4 வோல்ட்தான் காட்டுகிறது.

சிஎஸ்எம் விஷயமும் அப்படியே. அது அணைந்திருந்தது, இயக்கியதும் பூட் வரிசையில் எஸ்எஸ்டி வந்து நின்றது, விண்டோஸும் வந்தது. பயாஸ் மோடு என்ற இடத்தில் லெகஸி என்றே இருக்கிறது.


பதில்: சிம்மக்கல்லிலிருந்து

அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது, ஐயா. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும் கடைசி இரண்டு இலக்கங்கள் தடிமனையும் சொல்கின்றன. 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025-க்குத் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் வோல்ட்டும் ஒன்றே, அகலமும் ஒன்றே என்பதால் கூட்டில் உட்கார்ந்துவிடும், ஆனால் அடியிலுள்ள முனையோ மேலே உள்ள கிளிப்போ அதை இறுக்கிப் பிடிக்காது. உங்கள் பழைய செல் ஆயுள் முடிந்துதான் செத்திருக்கிறது, அதில் யார் மீதும் குறையில்லை. தினமும் மெயினை அணைக்கிற வீட்டில் செல்லுக்கு இரவெல்லாம் வேலை இருப்பதால் அது சீக்கிரமே தீரும்.

நல்ல நிறுவனத்தின் சிஆர்2032 ஒன்றை, தேதி அச்சிட்ட தனி அட்டையில் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். போடுவதற்கு முன், அடியில் இருக்கும் முனையைச் சிறிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு முடியளவு மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். மெலிந்த செல்லை விரலால் அழுத்தியதில் அது படுத்திருக்கும். மேலோட்டமாகத் துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி போதும், நெற்றி வியர்வை பட்ட கைக்குட்டை வேண்டாம்.

சாட்டா பயன்முறை பற்றி நான் சொன்னது தவறு. மேலூர் அம்மா சொன்னதுதான் சரி.


பதில்: உசிலம்பட்டியிலிருந்து

5600ஜி பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். உங்கள் மகள் சொல்வது உண்மை. பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை, 5600ஜி கடைகளுக்கு வந்தது 2021 ஆகஸ்டில். போர்டு தயாரான காலத்து பயாஸுக்கு இந்தப் புராசசரை யாரென்றே தெரியாது. மாட்டினால் மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ஆகவே 2200ஜி மாட்டியிருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிட்டு அதன் பிறகுதான் புராசசரை மாற்ற வேண்டும்.

ஆனால் தேதி பிரச்சினைக்கு மருந்தாக நினைத்து அதைச் செய்யாதீர்கள். அப்படி நினைத்துச் செய்தவன் நான். என் போர்டிலும் தேதி ஓடாமல் போனது, செல்லைப் பார்க்காமல் அப்டேட்டைத் தொடங்கினேன், பாதியில் மின்சாரம் போனது. என்னிடம் அப்போது யுபிஎஸ் இல்லை. மின்சாரம் திரும்பியபோது போர்டு உயிரற்றுக் கிடந்தது. எட்டுக் கால் உள்ள அந்தச் சின்ன பயாஸ் சிப்பின் மேல் கிளிப்பை மாட்டி, சிஎச்341ஏ என்ற புரோகிராமர் வழியாக மடிக்கணினியிலிருந்து பயாஸ் கோப்பைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சிப் 1.8 வோல்ட் வகை என்பதைக் கவனிக்காமல் 3.3 வோல்ட்டில் முதலில் முயன்றேன். சிப் பிழைத்தது என் அதிர்ஷ்டம். அந்த நான்கு நாட்களை இன்னொருவர் அனுபவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே முதலில் செல் சரியாகட்டும். தொடர்ந்து ஒரு வாரம் காலையில் தேதி சரியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு போர்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் முழுப் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் டார்ச் வைத்துப் படித்து, தயாரிப்பாளரின் தளத்தில் அதே பெயர், அதே ரிவிஷன் உள்ள பக்கத்துக்கு மட்டும் செல்லுங்கள். ஆதரிக்கப்படும் புராசசர்களின் பட்டியலில் 5600ஜி-க்கு நேராக எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில போர்டுகளில் இடையில் வேறொரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் அதற்குப் போக முடியும். புதிய பதிப்புகள் சிலவற்றில், 2000 வரிசையைப் போன்ற பழைய புராசசர்களைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் இதை ஏற்ற வேண்டாம் என்ற குறிப்பும் இருக்கும். அப்படி இருந்தால் புது புராசசர் கைக்கு வந்த பிறகே அப்டேட்டில் இறங்குங்கள். கோப்பை விரித்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள்ளிருந்து அல்லாமல் பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் கருவியால் ஏற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரி பழசாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கணினி அதில் பதினைந்து நிமிடமாவது நிற்கிறதா என்று முந்தைய நாளே சோதித்துப் பாருங்கள். செய்தித்தாளில் வரும் மின்தடை அறிவிப்பில் உங்கள் பகுதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடிந்து முதல் தடவை ஆன் ஆகும்போது திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். அப்டேட் எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும், அதாவது சிஎஸ்எம் மறுபடியும் அணையும். அந்த நாளிலும் எஸ்எஸ்டி காணாமல் போகும், அது அப்டேட்டின் கோளாறு அல்ல.

பழைய புராசசரைக் கழற்றும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் 1331 ஊசிகளும் புராசசரின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் கூலரோடு புராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், அப்போது ஊசிகள் வளையும். அரை மணி நேரம் கணினியை ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகி எடுங்கள்.


பதில்: மேலூரிலிருந்து

இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன், ஐயா. செல் நன்றாக இருக்கும் வரைதான் சிஎஸ்எம் நினைவில் இருக்கும் என்ற நிலை நல்லதல்ல. எஸ்எஸ்டி-யை எம்பிஆரிலிருந்து ஜிபிடி-க்கு மாற்றிவிட்டால், போர்டு தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினாலும் விண்டோஸ் தானாக வரும். பிறகு என்றாவது செல் செத்தால் தேதி மட்டும்தான் தவறும், கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற வேண்டியிருக்காது.

விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித்தரும். ஆனாலும் முதலில் கணக்குக் கோப்புகள் அனைத்தையும் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மாற்றும் கட்டளைக்கு முன் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்து, அது தேறியது என்று சொன்னால் மட்டும் மேலே போங்கள். முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது தேறாது. மாற்றி முடிந்ததும் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்-ஐ நீங்களே அணைத்துவிட வேண்டும்.

மகள் 5600ஜி கேட்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது; விண்டோஸ் 11 ஆதரிக்கும் புராசசர்களின் பட்டியலில் 2200ஜி இல்லை, 5600ஜி இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ஆகியவை வேண்டும் என்பதால் ஜிபிடி-க்கு மாறுவதை எப்படியும் தவிர்க்க முடியாது. புராசசரை மாற்றிய பின், எஃப்டிபிஎம்-ஐ, அதாவது புராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்-ஐ, புதிதாக அமைக்கட்டுமா என்று போர்டு கேட்கும். டிஸ்க்குக்கு விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். அந்தச் சாவி இல்லாவிட்டால் கணக்கு முழுவதும் பூட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.


கேள்வி கேட்டவர்: திருமங்கலத்திலிருந்து

திங்களன்று சிஆர்2032 வாங்கிப் போட்டேன். அடி முனையையும் சொன்னபடி சற்றுத் தூக்கிவிட்டேன். கூட்டில் வைத்து அளந்தால் 3.2 வோல்ட் காட்டியது. விரலை வைக்காமலே நின்றது. இன்றோடு எட்டுக் காலைகள் பார்த்துவிட்டேன், ஒவ்வோர் இரவும் மெயினை அணைத்துத்தான் படுத்தோம். தேதி ஒரு நாளும் தவறவில்லை, எஃப்1 செய்தியும் வரவில்லை.

எஸ்எஸ்டி-யை ஜிபிடி-க்கு மாற்றும் வேலையைச் சனிக்கிழமை மகளோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே செய்தேன். சரிபார்ப்பு முதல் தடவையிலேயே தேறியது. சிஎஸ்எம்-ஐ அணைத்த பிறகும் விண்டோஸ் வருகிறது. பயாஸ் மோடு என்ற இடத்தில் இப்போது யுஇஎஃப்ஐ என்றிருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொன்னதால், பிளக்கைப் பிடுங்கி, செல்லை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மறுபடி போட்டேன். தேதி 2018-க்குப் போனது, விண்டோஸ் தானாகவே வந்தது.

போர்டின் விளிம்பில் ரிவிஷன் 1.0 என்று இருக்கிறது. அதற்குரிய பக்கத்தில், 2200ஜி-யோடு இந்தப் பதிப்பை ஏற்ற வேண்டாம் என்று உசிலம்பட்டி நண்பர் சொன்ன அதே குறிப்பும் இருக்கிறது. ஆகவே புராசசர் வாங்கும் வரை பயாஸை நான் தொடப் போவதில்லை. மகள் விடுமுறைக்கு வரும்போது இருவருமாக உட்கார்ந்து செய்வோம். யுபிஎஸ் சோதனையில் ஏழு நிமிடம்தான் நின்றது. அதன் பேட்டரியை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.